காரில் பெயர் இருந்தால் கணக்கில் பணம் இருக்கிறதா?

"எஃப்டிஎக்ஸ் திவாலாகிச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் ஃபார்முலா 1 கார்களில் கிரிப்டோ நிறுவனங்களின் பெயர்கள் குறைந்தபாடில்லை. அவ்வளவு பெரிய அணிகள் விசாரிக்காமலா ஒப்பந்தம் போடும்? அவர்கள் நம்புகிற நிறுவனத்தில் நான் கணக்குத் தொடங்கினால் என்ன தவறு?" இதுதான் கேள்வி.

கடைசிப் பகுதிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அணிகள் விசாரிக்கத்தான் செய்கின்றன. தங்களுக்கு வரவேண்டிய தவணை ஒழுங்காக வருமா என்று விசாரிக்கின்றன. நீங்கள் விசாரிக்க வேண்டியதோ, போட்ட பணம் கேட்கும்போது திரும்பி வருமா என்று. அவர்கள் வாங்குகிற இடத்தில் நிற்கிறார்கள், நீங்கள் கொடுக்கிற இடத்தில். இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதிக் கதை எளிதாகப் புரியும்.

மெர்சிடிஸ் அணியுடன் எஃப்டிஎக்ஸ் ஒப்பந்தம் செய்தது 2021 செப்டம்பரில். சாம் பேங்க்மேன்-ஃப்ரீட் தொடங்கிய அந்த எக்ஸ்சேஞ்சுக்கு (கிரிப்டோ நாணயங்களை வாங்கி விற்கும் சந்தைக்கு) அப்போது வயது இரண்டுதான். அடுத்த ஆண்டு நவம்பர் 2 அன்று காயின்டெஸ்க் என்ற செய்தித் தளம் ஒரு செய்தி வெளியிட்டது. பேங்க்மேன்-ஃப்ரீடின் இன்னொரு நிறுவனமான அலமேடாவின் சொத்துப் பட்டியலில் பெரும்பங்கு எஃப்டிடி என்ற டிஜிட்டல் டோக்கன். அதை உருவாக்கியதே எஃப்டிஎக்ஸ். அதாவது வீட்டிலேயே அச்சடித்த சீட்டைச் சொத்து என்று கணக்கெழுதியிருந்தார்கள். நவம்பர் 6 அன்று, பைனான்ஸ் என்ற போட்டி எக்ஸ்சேஞ்சின் அன்றைய தலைவர் சாங்பெங் ஜாவோ, தம்மிடம் இருந்த எஃப்டிடி முழுவதையும் விற்கப்போவதாக அறிவித்தார். வாடிக்கையாளர்கள் பணத்தை எடுக்க முண்டியடித்தார்கள். 8ஆம் தேதி பணம் கொடுப்பது நின்றது. 11ஆம் தேதி வெள்ளிக்கிழமை திவால் மனு. (அந்த ஆண்டு ஆல்பைன் அணியின் கூட்டாளி பைனான்ஸ். ஒரே தடத்தில் ஓடிய இரண்டு ஸ்டிக்கர்களில் ஒன்று மற்றொன்றின் காலை வாரியது என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளலாம்.)

அதே வெள்ளிக்கிழமைதான் சாவோ பாவ்லோவின் இன்டர்லாகோஸ் சர்க்யூட்டில் பிரேசில் பந்தயத்தின் முதல் நாள். ஒப்பந்தத்தை முதல் கட்டமாக நிறுத்திவைப்பதாகவும், இந்த வாரத்திலிருந்து எஃப்டிஎக்ஸ் பெயர் காரில் இருக்காது என்றும் மெர்சிடிஸ் அறிவித்தது. ஞாயிறன்று, நம் நேரப்படி இரவு பதினொன்றரைக்குத் தொடங்கிய பந்தயத்தில் ஜார்ஜ் ரஸ்ஸல் வாழ்க்கையின் முதல் கிராண்ட் பிரீ வெற்றியைப் பெற்றார். லூயிஸ் ஹாமில்டன் இரண்டாமிடம். மெர்சிடிஸுக்கு அந்த ஆண்டு கிடைத்த ஒரே வெற்றி அதுதான். ஆண்டு முழுவதும் காசு கொடுத்து ஒட்டிய பெயர், கடைசியில் ஊரெல்லாம் பார்த்த அந்த வெற்றிப் படத்தில் இல்லை.

அணியின் முதல்வர் டோட்டோ வோல்ஃப் அந்த வாரம் சொன்னதன் சாரம் இது: இருக்கிற கிரிப்டோ நிறுவனங்களிலேயே நம்பகமானது, நிதிநிலை உறுதியானது என்று நினைத்துத்தான் இவர்களைத் தேர்ந்தோம்; அப்படிப்பட்டதே ஒரே வாரத்தில் விழுந்துவிட்டது. இதை நான் சாக்காக எடுத்துக்கொள்ளவில்லை. சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனமான டெமாசெக் ஏறத்தாழ எட்டு மாதம் ஆராய்ந்த பிறகே எஃப்டிஎக்ஸில் பணம் போட்டது. அந்த 27.5 கோடி டாலரையும் நட்டம் என்றே எழுதவேண்டி வந்தது. கணக்கு பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் கண்டுபிடிக்காததை, காற்றியக்கவியல் பார்க்கிறவர்கள் கண்டுபிடிப்பார்கள் என்று எதிர்பார்ப்பது அதிகம். ஆனால் அதைத்தான் ரசிகர் எதிர்பார்க்கிறார். கேள்வியில் இருக்கும் "அவ்வளவு பெரிய அணிகள்" என்ற சொல்லே அதற்குச் சாட்சி. வாடிக்கையாளர்களின் சுமார் 800 கோடி டாலர் குறைந்தது பிறகு நீதிமன்றத்தில் வெளிவந்தது. பேங்க்மேன்-ஃப்ரீடுக்கு 2024 மார்ச்சில் 25 ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது.

எங்கிருந்து வருகிறது என்று சரியாகத் தெரியாத பணம் பந்தயத்துக்கு வருவது கிரிப்டோவோடு தொடங்கியதல்ல. 1989இல் ஓனிக்ஸ் என்ற சிறிய அணி நீலமும் இளஞ்சிவப்புமாக ஓடியது. அதன் காரில் மணிட்ரான் என்று எழுதியிருந்தது. அணிக்குப் பணம் கொடுத்த, பெல்ஜியத்தைச் சேர்ந்த ழான்-பியர் வான் ரோசெம் பங்குச்சந்தையை முன்கூட்டியே கணிக்கும் கணினி முறை ஒன்று தம்மிடம் இருப்பதாகச் சொல்லிவந்தார். அதன் பெயர்தான் மணிட்ரான். நீண்ட தலைமுடியும் தாடியுமாகப் பந்தயத் திடலில் உலவியவர். அந்த ஆண்டு எஸ்டோரிலில் நடந்த போர்ச்சுகல் பந்தயத்தில் ஸ்டெஃபான் யோஹான்சன் ஓனிக்ஸ் காரில் மூன்றாமிடம் பிடித்தார். காரும் ஓட்டுநரும் உண்மை, கோப்பையும் உண்மை. கணிக்கும் பெட்டிதான் பொய். 1991இல் வான் ரோசெம் மோசடிக் குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டார். அதற்குள் அணியே இல்லாமல் போயிருந்தது. மணிட்ரானை எடுத்துவிட்டு அந்த இடத்தில் டோக்கன் என்று வைத்துப் பாருங்கள், மற்ற எதையும் மாற்ற வேண்டியதில்லை.

நமக்கு இன்னும் நெருக்கமான கதையும் உண்டு. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஓட்டிய ஜோர்டான் அணி, கைமாறிக் கைமாறி விஜய் மல்லையாவிடம் வந்து ஃபோர்ஸ் இந்தியா ஆனது. சஹாரா பங்கு வாங்கியதும் சஹாரா ஃபோர்ஸ் இந்தியா. 2014இல் சஹாரா தலைவர் சுப்ரதா ராய் திகார் சிறைக்குப் போனார். 2012லேயே மல்லையாவின் கிங்ஃபிஷர் விமானங்கள் பறப்பதை நிறுத்தியிருந்தன. அந்த இரண்டு ஆண்டுகளில் சம்பளம் வராத ஊழியர்களும் சஹாராவில் பணம் போட்டவர்களும் தொலைக்காட்சியில் அந்த அணியைப் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்கள்? 2018இல் அணி நிதி நெருக்கடியில் விழும்வரை சஹாரா பெயர் அதனுடன் ஓடிக்கொண்டிருந்தது. அதே அணிதான் இன்றைய ஆஸ்டன் மார்ட்டின். அதன்மேல் முதலில் கிரிப்டோ.காம் என்ற எக்ஸ்சேஞ்ச் வந்தது, இப்போது காயின்பேஸ் என்ற இன்னொன்று.

சரி, இவ்வளவு பேரும் 2021இல் ஒன்றாகப் படையெடுத்தது ஏன்? இரண்டு பக்கமும் தேவை இருந்தது. பெருந்தொற்றால் 2020 பந்தய ஆண்டு சுருங்கி அணிகளின் வருமானம் அடிவாங்கியிருந்தது. அதே நேரம் நெட்ஃபிளிக்ஸ் தொடர் ஒன்றின் புண்ணியத்தில் இளைஞர் கூட்டம் புதிதாகச் சேர்ந்துகொண்டிருந்தது. கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் என்பது ஒவ்வொரு வாங்கல் விற்றலிலும் கட்டணம் எடுக்கும் தொழில். ஆள் வந்துகொண்டே இருக்க வேண்டும். 2018இல் ஃபேஸ்புக்கும் கூகுளும் கிரிப்டோ விளம்பரங்களைத் தடுத்துவைத்தன. பிறகு தளர்த்தினாலும் கெடுபிடி முற்றிலும் போகவில்லை. காரின் மூக்கில் எழுதுவதற்கு அந்தக் கெடுபிடி இல்லை. அதைவிட முக்கியமானது, பெயருக்குப் பக்கத்தில் எந்தப் பெயர் இருக்கிறது என்பது. எண்ணெய் நிறுவனம், வங்கி, கைக்கடிகாரம் என்று நூறாண்டு பழைய பெயர்களின் நடுவே இரண்டு வயது நிறுவனத்தின் பெயரையும் எழுதினால், பார்க்கிறவர் மனத்தில் எல்லாம் ஒரே வரிசை. பணக்காரக் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்த ஆளை யாரும் "நீ யார்" என்று கேட்பதில்லை. அந்த நாற்காலிக்குத்தான் அவ்வளவு விலை.

விலையும் சாதாரணமில்லை. ஃபார்முலா 1 அமைப்புடன் கிரிப்டோ.காம் 2021இல் செய்த ஐந்தாண்டு ஒப்பந்தம் 10 கோடி டாலர் என்று செய்தி வந்தது. ரெட்புல் அணிக்கு பைபிட் என்ற எக்ஸ்சேஞ்ச் மூன்றாண்டுக்கு 15 கோடி. 2022இல் பத்து அணிகளில் எட்டில் ஏதோ ஒரு கிரிப்டோ பெயர் இருந்தது. ஃபெராரியில் வெலாஸ், ஆல்ஃபாடாரியில் ஃபேண்டம், ஆல்ஃபா ரோமியோவில் நாய்ப்படம் போட்ட ஃப்ளோக்கி என்று போனது பட்டியல்.

அந்த உச்சத்தை ஒரே காட்சியில் பார்க்க வேண்டுமானால் மயாமி. 2022 மே 8, முதல் 'கிரிப்டோ.காம் மயாமி கிராண்ட் பிரீ'. சர்க்யூட்டின் ஒரு வளைவில் படகுத்துறை அமைத்திருந்தார்கள். உண்மையான உல்லாசப் படகுகள். ஆனால் அவற்றுக்குக் கீழே தண்ணீர் இல்லை. நீலத் தண்ணீர் போல அச்சடித்த தரைதான். உலகமே அதைக் கேலி செய்தது. அதே வார இறுதியில்தான், எப்போதும் ஒரு டாலர் மதிப்பில் நிற்கும் என்று சொல்லி விற்கப்பட்ட, டெரா என்ற கிரிப்டோ அமைப்பின் யுஎஸ்டி நாணயம் டாலரைவிட்டு நழுவத் தொடங்கியது. அடுத்த சில நாள்களில் யுஎஸ்டியும் அதன் ஜோடி நாணயமான லூனாவும் காணாமல் போயின. இதை ஒரு கதாசிரியர் எழுதியிருந்தால் "ரொம்பச் செயற்கையாக இருக்கிறது" என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

அந்தச் சரிவோடு பெயர்கள் உதிரத் தொடங்கின. வெலாஸ் பல ஆண்டு ஒப்பந்தம் என்று வந்து ஒரே பந்தய ஆண்டோடு ஃபெராரியைவிட்டுப் போனது. மோட்டோஜிபி என்ற மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் இன்னும் சுவையான கதை. ருமேனியாவின் கிரிப்டோடேட்டா, ஆஸ்திரியப் பந்தயத்தின் பெயரையே வாங்கியது. பிறகு ஆர்என்எஃப் அணியில் பெரும்பங்கையும் வாங்கியது. 2023 நவம்பரில், ஒப்பந்த விதிகளைத் திரும்பத் திரும்ப மீறியதாகச் சொல்லி, அடுத்த ஆண்டுக்கு அந்த அணிக்கு இடமில்லை என்று நிர்வாகம் கதவைச் சாத்தியது.

அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயத்திலிருந்து இரண்டு கதைகள் சொல்ல வேண்டும். ஒன்று லேண்டன் காசில் என்ற ஓட்டுநருடையது. 2021இல் வாயேஜர் என்ற கிரிப்டோ நிறுவனம் அவருக்கு ஸ்பான்சர் ஆனது. பணம் முழுவதும் கிரிப்டோவாகவே தரப்படும் என்பது அப்போது பெரிய செய்தி. பிட்காயின், லைட்காயினோடு வாயேஜரின் சொந்த டோக்கனும் அதில் சேர்த்தி. 2022 ஜூலை 1 அன்று வாயேஜர் வாடிக்கையாளர்கள் பணம் எடுப்பதை நிறுத்தியது. சில நாளில் திவால். வாடிக்கையாளர் பணத்துக்கு அரசுக் காப்பீடு இருப்பது போல அது சொல்லிவந்தது தவறு என்று அமெரிக்க வைப்புக் காப்பீட்டுக் கழகம் அதே மாதம் கடிதம் எழுதியது. ஸ்பான்சர் தன் சொந்த டோக்கனில் சம்பளம் கொடுக்கிறார் என்றால் அது கடைக்காரர் தன் கடைக் கூப்பனில் கூலி கொடுப்பது மாதிரி. கடை திறந்திருக்கும்வரை செல்லும்.

மற்றது எனக்குப் பிடித்த கதை. 2014இல் ஜாஷ் வைஸ் என்ற ஓட்டுநர், காசில்லாத சிறிய அணி, 98ஆம் எண் கார். ரெட்டிட் தளத்தில், நாய்ப்படம் போட்ட டோஜ்காயின் என்ற கிரிப்டோ நாணயத்தை வைத்திருந்தவர்கள் விளையாட்டாக வசூலைத் தொடங்கி, 6 கோடிக்கு மேல் டோஜ்காயின் சேர்த்துவிட்டார்கள். அன்றைய மதிப்பில் சுமார் 55,000 டாலர். ஷிபா நாயின் முகத்தை ஒட்டிக்கொண்டு அந்தக் கார் மே மாதம் டல்லடேகாவில் ஓடி இருபதாவதாக வந்தது. யாரும் எதையும் விற்கவில்லை. ரசிகர்கள் தங்கள் பையிலிருந்து எடுத்து ஓர் ஓட்டுநருக்குக் கொடுத்தார்கள். பின்னால் வந்த ஒப்பந்தங்களில் பணம் ஓடிய திசை இதற்கு நேரெதிர். எக்ஸ்சேஞ்ச் அணிக்குக் கொடுப்பது, ரசிகர்கள் எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்கப்போவதை நம்பித்தான்.

இனி "ஏன் இன்னும்" என்ற பகுதி. முதல் காரணம், அணிக்கு இழப்பு சிறியது. ஸ்பான்சர் தொகை ஒரே மூச்சில் வருவதில்லை, தவணைகளாக வரும். நிறுவனம் விழுந்தால் வராத தவணைகள் போகும், ஸ்டிக்கர் உரிக்கப்படும், காலியான இடம் அடுத்தவருக்கு விற்கப்படும். ஏற்கெனவே வந்த பணம் பெரும்பாலும் செலவாகிவிட்டிருக்கும். திவால் நீதிமன்றம் கடைசி மாதங்களில் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கக்கூடும் என்ற தலைவலி உண்டு, அவ்வளவுதான். வாடிக்கையாளருக்கு அப்படியில்லை. எஃப்டிஎக்ஸில் பணம் போட்டவர்களுக்குப் பிறகு நிறையவே திரும்பக் கிடைத்தது என்பது உண்மை. ஆனால் 2022 நவம்பர் விலையில் கணக்கிட்டு, டாலராக. அன்று பிட்காயின் 17,000 டாலர் அளவில் கிடந்தது. 2024 டிசம்பரில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. இடையில் ஏறியதில் அவர்களுக்குப் பங்கில்லை.

அந்த விலையேற்றம்தான் இரண்டாவது காரணம். சந்தை ஏறினால் விளம்பரப் பணமும் ஏறும். வில்லியம்ஸில் 2023இல் கிராக்கன் வந்தது. மெக்லாரனில் ஓகேஎக்ஸ் நின்றது. ரெட்புல்லில் பைபிட் போன இடத்துக்கு 2025இல் கேட் என்ற எக்ஸ்சேஞ்ச் வந்தது. ஒப்பந்தம் போடும் முறையும் கொஞ்சம் மாறியிருக்கிறது. ஆஸ்டன் மார்ட்டினுக்குக் காயின்பேஸ் மொத்தத் தொகையையும் யுஎஸ்டிசி என்ற, டாலர் மதிப்போடு கட்டப்பட்ட கிரிப்டோ நாணயத்தில் தருகிறது. தன் சொந்த டோக்கனைத் தலையில் கட்டிய பழைய பாணியைவிட இது மேல். காயின்பேஸ் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு காட்டியாக வேண்டும். 2021 கூட்டத்துக்கும் இன்றைய கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை என்று சொல்வது நியாயமாகாது.

ஆனால் நின்றவர்கள் எல்லாரும் சுத்தம் என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் உரிமம் இல்லாமல் பணப் பரிமாற்றம் நடத்தியதை 2025 பிப்ரவரியில் ஓகேஎக்ஸ் ஒப்புக்கொண்டு 50 கோடி டாலருக்கு மேல் கட்டியது. 2023இல் பைனான்ஸ் கட்ட ஒப்புக்கொண்டது 430 கோடி டாலர். சாங்பெங் ஜாவோ நான்கு மாதம் சிறை சென்றார். ரெட்புல்லுடன் ஒப்பந்தம் முடிந்த சில வாரங்களில், 2025 பிப்ரவரி 21 அன்று, பைபிட்டிலிருந்து சுமார் 150 கோடி டாலர் மதிப்புள்ள ஈதர் என்ற கிரிப்டோ நாணயம் திருடு போனது. வடகொரியாவின் வேலை என்றது எஃப்பிஐ. அந்தத் திருட்டைப் பைபிட் தாங்கி நின்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்தியாவிலிருந்து பார்க்கிறவருக்கு இன்னொரு சங்கதி. 2023 டிசம்பரில் நம் நிதிப் புலனாய்வுப் பிரிவு, பதிவு செய்யாமல் இங்கே வியாபாரம் நடத்திய ஒன்பது வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அந்தப் பட்டியலில் பைனான்ஸ், கிராக்கன், கேட் மூன்றும் இருந்தன. மூன்றுமே ஏதாவது ஒரு காலத்தில் ஃபார்முலா 1 காரில் ஏறிய பெயர்கள். பைபிட்டுக்கு 2025 ஜனவரியில் ரூ.9.27 கோடி அபராதம். ஆக, காரில் நீங்கள் பார்க்கிற பெயர் உங்கள் ஊரில் சட்டப்படி வியாபாரம் செய்கிறதா என்பதற்குக்கூட அந்தக் கார் உத்தரவாதம் இல்லை. கணக்குத் தொடங்குவதாக இருந்தால் பார்க்க வேண்டியது அந்தப் பிரிவில் பதிவு இருக்கிறதா என்பதை. பதிவு இருந்தாலும் போட்ட பணத்துக்குப் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை, வங்கி வைப்புக்கு இருக்கும் ஐந்து லட்ச ரூபாய்க் காப்பீடும் இதற்குக் கிடையாது.

ரசிகர்களுக்கென்று விற்கப்படும் ரசிகர் டோக்கன், ஒரு டிஜிட்டல் பொருளுக்கு உரிமைச் சீட்டு போன்ற என்எஃப்டி ஆகியவை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அதுதான் உங்கள் கண்ணில் படும் என்பதால் ஒன்று சொல்கிறேன். 2019 மே மாதம் 'எஃப்1 டெல்டா டைம்' என்ற அதிகாரபூர்வ விளையாட்டுக்காக '1-1-1' என்ற டிஜிட்டல் கார் ஏலத்துக்கு வந்தது. உலகில் அது ஒன்றே ஒன்று. ஒருவர் ஒரு லட்சத்துப் பதின்மூன்றாயிரம் டாலர் அளவுக்கு ஈதர் கொடுத்து எடுத்தார். அந்தக் காசுக்கு உண்மையான பந்தயக் காரே ஒன்று வாங்கி, சனி ஞாயிறுகளில் ஓட்டியிருக்கலாம். ஃபார்முலா 1 உரிமம் புதுப்பிக்கப்படவில்லை. 2022 மார்ச் 16 அன்று விளையாட்டு மூடப்பட்டது. கார் வைத்திருந்தவர்களுக்கு வேறொரு விளையாட்டில் ஓட்டிக்கொள்ள மாற்றுக் கார் தருவதாக நிறுவனம் அறிவித்தது.